தத்துவம் போதிப்போர் கடமை யாது?

பகவன் புத்தரை வணங்கி, அறிவை நாடும் அன்பர்கள் முன் ஒரு வினாவை வைக்கின்றோம். பல்கலைக்கழகத்தில் பயிலும் இளைஞர்க்குத் தத்துவம் போதிப்போர், தாம் கண்ட முடிபை மாணவர் நெஞ்சில் பதித்து அனுப்புதல் கடமையா? அன்றி, எல்லா முடிபுகளையும் அவர் முன் பரப்பிவிட்டுத் தாம் ஒன்றும் கூறாது விலகிக்கொள்ளுதல் கடமையா? கல்லூரி வாயிலை மிதித்தறியாத ஆலைத் தொழிலாளியாய் இருந்து பிரசங்க மேடைக்கு வந்த நாம் இதனைப் பேசப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் இவ்வினா நம் சங்க மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டமையால் வாளாவிருத்தல் தகாது.

வந்த வரலாறு இதுவாகும். நம்முடன் ஒரே ஆலையில் தறி ஓட்டிய தோழர் ஒருவரின் மகள், தத்துவத்தை எம்.ஏ. வகுப்பில் பாடமாய் எடுத்துப் பயில்கின்றாள். அக்குடும்பத்தில் கல்லூரி கண்ட முதற்பிள்ளை அவளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தில் அநாத்மக் கொள்கையைக் குறித்தும் கன்மத்தைக் குறித்தும் நாம் ஒரு மணி நேரம் உபந்நியாசம் செய்து முடித்தோம். அப்போது அவள் எழுந்து நின்றாள். வீட்டில் நம்மைப் பெரியப்பா என்று அழைப்பவள், சபை மரியாதை கருதி, "ஐயா, ஆன்மா என ஒன்று இல்லை என்றீர்கள். செய்த வினையின் பயன் அடுத்த பிறவியிலும் தொடரும் என்றும் கூறினீர்கள். ஆன்மா இல்லையெனில் மீண்டும் பிறப்பது யார்? வினை எதனைப் பற்றிக்கொண்டு தொடர்கின்றது?" என்று கேட்டாள்.

நாம் விடை கூறினோமில்லை. "அம்மா, படிப்பு மிகுந்தால் இத்தகைய ஐயங்கள் தோன்றத்தான் செய்யும். முதலில் பஞ்சசீலத்தை ஒழுங்காய்க் கடைப்பிடி. மற்றவை தாமே விளங்கும்" என்றோம். சபையோரில் சிலர் சிரித்தனர். அவள் அமர்ந்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அந்த இரண்டாம் ஞாயிற்றின் இரவு, மறு வாரத்து உபந்நியாசத்துக்காகப் பாபாசாகேப் அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலை எடுத்தோம். அவர் மறைவுக்குப் பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது. அதன் அறிமுகவுரையில், பௌத்தத்தை ஆராய்வோர் முன் நிற்கும் நான்கு சிக்கல்களை அவர் எடுத்துரைக்கின்றார். சித்தார்த்தர் துறவு பூண்டதன் உண்மைக் காரணம் யாது என்பது முதலாவது. நான்கு வாய்மைகள் ஆதி போதனையைச் சேர்ந்தனவா என்பது இரண்டாவது. ஆன்மாவை மறுத்த கொள்கையில் கன்மமும் மறுபிறப்பும் எங்ஙனம் பொருந்தும் என்பது மூன்றாவது. பிக்கு சங்கத்தின் நோக்கம் யாது என்பது நான்காவது. மூன்றாவது சிக்கலைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டோம். அப்பெண் கேட்டது அதுவேயன்றோ! பாபாசாகேப்பின் படத்துக்கு மாலையிட்ட மேடையில் நின்றுகொண்டு, அவர் எழுப்பிய வினாவையே எழுப்பிய ஒரு பெண்ணை நாம் அடக்கி அமர்த்திவிட்டோம்.

மறுநாள் தோழரின் இல்லம் சென்று, மகளை அழைத்து, நம் பிழையை ஒப்புக்கொண்டோம். அதற்கு அவள் கூறிய மறுமொழி நம்மை மேலும் சுட்டது. "பெரியப்பா, நீங்கள் மட்டுமா அப்படிச் சொன்னீர்கள்? வகுப்பில் பௌத்த தரிசனம் நடத்தினார்கள். வேதாந்தியர் அதன்மேல் எழுப்பிய தடைகளோடு பாடம் முடிந்துவிட்டது. அத்தடைகளுக்குப் பௌத்தர் விடை கூறினார்களா என்று கேட்டேன். அது பரீட்சைக்கு வராது என்றார்கள். அங்கே கேட்டால் பரீட்சைக்கு வராது. இங்கே கேட்டால் சீலத்துக்கு உதவாது. நான் எங்கேதான் கேட்பது?"

அவள் பயிலும் கல்லூரி எது, ஆசிரியர் எவர் என்று நாம் எழுதப்போவதில்லை. அது தேவையுமன்று. பிழை ஒருவருடையதாயின் அவரைத் திருத்தி அமையலாம். ஈண்டுப் பிழை ஒரு முறையினுடையது; அம்முறையில் நமக்கும் பங்கு உண்டு. ஆகலின் அம்முறையையே ஆராய்வோம்.

நம் நாட்டுத் தத்துவப் பாடநூல்கள் பெரும்பாலும் தரிசனங்களை ஆஸ்திகம், நாஸ்திகம் என இரண்டாய்ப் பிரித்துத் தொடங்குகின்றன. வேதத்தைப் பிரமாணமாய் ஏற்பன ஆறு; ஏலாதன சார்வாகம், பௌத்தம், சமணம் என்னும் மூன்று. உண்மை எது என்று ஆராயப் புகும் ஒரு பாடம், ஒரு நூலை ஏற்றோர் யார், ஏலாதார் யார் என்னும் கணக்கோடு தொடங்குதல் வியப்பன்றோ? இப்பிரிவு பழைய வழக்கு என்பது மெய்யே. அது வழக்கு என்று மாணவர்க்குக் கூறுதல் கல்வி. அதுவே பொருளின் இயல்பு என்று கூறுதல் கல்வியாகாது.

பதினான்காம் நூற்றாண்டில் மாதவாசாரியர் இயற்றிய சர்வதர்சன சங்கிரகம் என்னும் வடநூலைப் பாருங்கள். அது தரிசனங்களை ஓர் ஏணியின் படிகள் போல அடுக்குகின்றது. முதற்படி சார்வாகம், அடுத்தது பௌத்தம், அதனை அடுத்தது சமணம். இங்ஙனம் ஏறிச் சென்று உச்சியில் அத்வைதம் நிற்கின்றது. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ளதை மறுத்து எழுகின்றது. நூலாசிரியர் வேதாந்தி, தம் கொள்கையை உச்சியில் வைத்தது அவர் உரிமை. அதனை நாம் குறை கூறோம். ஆயின் பல சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கே அமரும் பொது வகுப்பறைக்குள்ளும் அவ்வேணியையே கொண்டு வந்து நிறுத்தினால், கீழ்ப்படியில் வைக்கப்பட்ட கொள்கையைத் தன் குடும்பக் கொள்கையாய் உடைய பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? தன் தாய் தந்தையர் மறுக்கப்பட்டுப்போன ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கின்றனர் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

தமிழரிடத்து இதற்கு வேறோர் உதாரணம் உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்த காவியம் முழுமையாய் நமக்குக் கிடைத்திலது. சில செய்யுட்களே எஞ்சின. அதனை மறுக்க எழுந்த நீலகேசி என்னும் சமண நூலோ உரையுடன் கிடைத்து, 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அவர்களால் பதிப்பிக்கப்பெற்றது. வழக்கு மன்றத்தில் வாதியின் மனு அழிந்து, பிரதிவாதியின் மறுப்பு மட்டும் எஞ்சினால் தீர்ப்பு எப்படியிருக்கும்? அந்நிலையில்தான் பன்னூறு ஆண்டுகள் நம் தம்மம் இந்நாட்டில் இருந்தது. மறுப்போர் நூலில் பூர்வபட்சமாய் மட்டும் அது உயிர் பிழைத்திருந்தது.

முன்னாளில் இதற்கு ஓரளவு சமாதானம் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் இந்தியத் தத்துவத்தைக் குறித்து எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1923ஆம் ஆண்டிலும், மைசூர்ப் பேராசிரியர் ஹிரியண்ணாவின் நூல் 1932ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அக்காலத்தில் பௌத்தரின் தருக்க நூல்கள் பல வடமொழி மூலத்தில் கிடைத்தில; திபெத்திய மொழியில் மட்டும் இருந்தன. சாந்தரட்சிதரின் தத்துவ சங்கிரகம் 1926ஆம் ஆண்டில்தான் பரோடாவில் அச்சேறியது. தருமகீர்த்தியின் பிரமாண வார்த்திகத்தை ராகுல சாங்கிருத்தியாயனர் 1930களில் திபெத்திய மடங்களில் தேடிக் கண்டெடுத்துக் கொணர்ந்தார். தத்துவ சங்கிரகம் என்பது யாது? ஆன்மாவை நாட்டிய நியாய, சாங்கிய, மீமாம்சை, வேதாந்த வாதங்களை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்து, ஒவ்வொன்றுக்கும் பௌத்தர் கூறிய விடையை நிரல்படத் தொகுத்த நூலன்றோ! அப்பெண் வகுப்பறையில் தேடிய விடை அச்சேறி ஏறத்தாழ நூறாண்டு ஆகின்றது. இனியும் பாடம் மறுப்போடு முடியுமாயின், அதற்கு நூல் இன்மை காரணமாகாது. தேடும் மனம் இன்மையே காரணமாகும்.

ஆகவே தத்துவம் போதிப்போரின் முதற்கடமை இது: எந்தக் கொள்கையை எடுத்துரைப்பினும், அக்கொள்கையினர் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்து கேட்டால், "ஆம், எம் கருத்து இதுவே, இதனினும் நன்றாய் யாமே கூறியிரோம்" என்று ஒப்பும்படி எடுத்துரைத்தல் வேண்டும். வேதாந்தத்தைப் போதிக்கும்போது வேதாந்தியும், பௌத்தத்தைப் போதிக்கும்போது பௌத்தனும், உலகாயதத்தைப் போதிக்கும்போது உலகாயதனும் ஒப்பவேண்டும். இது நாம் நமக்கெனக் கேட்கும் சலுகையன்று. எல்லார்க்கும் உரிய நீதி.

பகவன் புத்தர் செய்து காட்டியதும் இதுவே. தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரமஜால சூத்திரத்தில், உலகத்தையும் ஆன்மாவையும் குறித்து அக்காலத்தோர் கொண்டிருந்த 62 கொள்கைகளை அவர் வகுத்துரைக்கின்றார். ஒவ்வொன்றும் எவ்வகை அனுபவத்தால், எவ்வகைத் தருக்கத்தால் எழுந்தது என்றும் காட்டுகின்றார். பிறர் கூறுவதைச் செவி கொடுத்துக் கேளாத ஒருவரால் 62 கொள்கைகளை வகுத்துரைத்தல் இயலுமா?

நிற்க. இனி இரண்டாம் கடமையைப் பார்ப்போம். மிலிந்தன் வினாக்கள் என்னும் பாலி நூலை நம் அன்பர் பலரும் அறிவர். சாகல நகரத்தை ஆண்ட யவன அரசன் மிலிந்தன், நாகசேனத் தேரருடன் வாதிக்க விரும்பினான். தேரர் உடனே இசைந்தாரல்லர். அறிஞர் வாதிக்கும் முறையில் வாதிப்பதாயின் வருகின்றேன், அரசர் வாதிக்கும் முறையில் வாதிப்பதாயின் வாரேன் என்றார். அவ்விரண்டுக்கும் வேற்றுமை யாதென அரசன் வினவினான். அறிஞர் வாதத்தில் முடிச்சிடலும் அவிழ்த்தலும் உண்டு, மறுத்தலும் மறுக்கப்படுதலும் உண்டு, ஆயினும் எவரும் சினங்கொள்வதில்லை. அரசர் வாதத்திலோ ஒன்றைக் கூறி, அதற்கு உடன்படாதவனைத் தண்டிப்பர். இதுவே தேரர் விளக்கத்தின் சாரம். அரசன் அறிஞர் முறைக்கு உடன்பட்ட பின்னரே விளக்கு முதலிய புகழ்பெற்ற உவமைகள் பல பிறந்தன.

அன்பர்களே, மகுடம் அணிந்தவர் மட்டுமா அரசர்? மதிப்பெண் இடும் பேனாவும் ஒரு செங்கோலே. தம் முடிபுக்கு மாறாய் எழுதிய மாணவனின் விடைத்தாளில் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர் அரசர் வாதம் செய்கின்றார். பிரசங்க மேடையும் ஒரு சிங்காதனமே. எதிர்நின்று வினவிய பெண்ணைச் சபையின் சிரிப்பால் தண்டித்த நாமும் அரசர் வாதமே செய்தோம். ஆலையில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சிட்ட பின்னரே ஓட்டுதல் முறை. அறுந்ததைக் காணாதவன் போல் ஓட்டுவோன் அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பான், துணியைப் பாழாக்குவான். இதனைத் தறியின் முன் பல்லாண்டு கற்ற நாம், மேடையில் நின்ற அன்று மறந்தோம்.

பாபாசாகேப் 1950ஆம் ஆண்டில் அவுரங்காபாத்தில் நிறுவிய கல்லூரிக்கு மிலிந்த் என்று பெயர் விளங்குகின்றது. அது அமைந்த இடம் நாகசேனவனம். கல்லூரிக்கு வினவியவன் பெயர். அதனைச் சூழ்ந்த வனத்துக்கு விடை கூறியவர் பெயர். வினவுவோனுக்கு அக்கல்வி நிலையத்தில் எத்தகைய இடம் என்பதனை இப்பெயர்களே உணர்த்துகின்றன என்று நாம் கொள்கின்றோம்.

இனி நம் பெரியோர் சிலர் கூறும் தடையைக் கேட்போம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. "நாம் தம்மத்தில் புகுந்து ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைதான் ஆகின்றது. வேர் இன்னும் ஆழமாய் ஓடவில்லை. இந்நிலையில் பிள்ளைகளுக்கு எதனையும் ஐயுறக் கற்பித்தால், பழைய சமயத்துக்கே திரும்புவர். அல்லது எதிலும் பற்றின்றித் திரிவர். முதலில் நம்பிக்கை, பின்னர் ஆராய்ச்சி" என்பர் அவர்.

இவ்வச்சத்தின் அடியில் இருப்பது பிள்ளைகள்பால் உள்ள அன்பே. ஆயினும் நாம் பௌத்தரானது எங்ஙனம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். பிறந்த சமயத்தில் இருந்தவர், அது நீதியா என்று வினவியதனாலன்றோ அதனை விட்டு வெளிவந்தனர்? 1935ஆம் ஆண்டு அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாய் இறப்பதில்லை என்று பாபாசாகேப் அறிவித்தார். நாகபுரியில் திரிசரணம் ஏற்றது 1956ஆம் ஆண்டு அக்டோபரில். இடையே கழிந்தவை 21 ஆண்டுகள். பல சமயங்களையும் ஆராய்ந்து தேர்ந்த ஆண்டுகள் அவை. அதற்கும் முன்னர், 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர், 1907ஆம் ஆண்டு முதல் தாம் நடத்திய இதழில் வாசகர் விடுத்த வினாக்களுக்கு விடையிறுப்பதைத் தம் தொண்டின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தார். வினாவால் பிறந்த சமூகம் நாம். தலைவர் தமக்கு 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நாம் ஒரு மாணவிக்கு 21 நிமிடமும் கொடுத்தோமில்லை.

அவர்தம் ஆராய்ச்சிப் பழக்கத்துக்கு ஒரு தத்துவ ஆசிரியரும் துணையாய் இருந்தார் என்பதையும் மறத்தலாகாது. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது பாபாசாகேப் ஜான் டூயியிடம் பாடம் கேட்டார். 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், தாம் பெரிதும் கடன்பட்ட ஆசிரியர் என்று அவரைக் குறிப்பிட்டு, ஒரு சமுதாயம் தன் முன்னோர் விட்டுச்சென்ற அனைத்தையும் காத்துக் கைமாற்றுதல் கல்வியின் கடமையன்று, சிறந்த வாழ்வுக்கு உதவுவனவற்றையே கைமாற்றுதல் கடமை என்னும் அவர்தம் கருத்தை எடுத்தாள்கின்றார். டூயி சாதியைக் குறித்து அவருக்குப் பாடம் நடத்தினாரல்லர். ஆராயும் கருவியை அளித்தார். அக்கருவியை எதன்மேல் செலுத்துவது என்பதை மாணவரே தெரிந்துகொண்டார்.

மற்றொரு தடையும் உண்டு. "பகவன் வீண் தத்துவ விசாரத்தைத் தள்ளியவரன்றோ? உலகம் நித்தியமா அநித்தியமா என்று கேட்ட மாலுங்கியபுத்தருக்கு, அம்பு தைத்தவன் கதையைக் கூறினாரன்றோ? அம்பை எய்தவன் எக்குலத்தான், எந்நிறத்தான் என்று கேட்டுக்கொண்டே கிடப்பவன், அம்பைப் பறிக்குமுன் சாவான். ஆதலின் தத்துவப் பாடம் நமக்கு எதற்கு?" என்பர். நாம் அன்று சீலத்தைக் கூறி வினாவைத் தள்ளியபோது நம் நெஞ்சில் இருந்ததும் இவ்வுவமையே. ஆயின் அச்சூத்திரத்தை நன்கு படியுங்கள். பகவன் அக்கேள்விகளைக் காரணம் கூறாது தள்ளினாரல்லர். அவை துக்க நீக்கத்துக்கு உதவா என்று காரணத்தை விளக்கியே தள்ளினார். கேட்டவர் மனம் தெளிந்தது. அவர் நாணிப் போகவில்லை. மேலும், அப்பெண் கேட்டது வீண் வினாவன்று. வினைக்குப் பொறுப்பாளி யார் என்பது ஒழுக்கத்தின் அடிப்படை வினா. முற்பிறப்பில் செய்த வினையால்தான் இக்குலத்தில் பிறந்தாய் என்று கூறியே நம் முன்னோரைச் சேரியில் வைத்தனர். கன்மம் எதனைப் பற்றித் தொடர்கின்றது என்று நம் வீட்டுப் பெண் கேட்பது, தன்னுள் தைத்த அம்பைப் பற்றிய கேள்வியேயாகும்.

இவ்விடத்து மிகக் கடினமான ஒன்றையும் கூறியாகவேண்டும். பிறப்பால் கடமை வகுக்கும் கொள்கையையும் தத்துவ வகுப்பில் ஒரு கொள்கையாய்ப் போதிக்கின்றனர். அதனையும் ஆசிரியர் நடுநிலையில் நின்று எடுத்துரைக்கவேண்டுமா? நம் அன்பர் சிலர், அதனைப் பாடத்தினின்று நீக்கவேண்டும் என்பர். நாம் அங்ஙனம் கருதவில்லை. பாபாசாகேப் பகவத் கீதையைப் படியாது ஒதுக்கினாரல்லர். படித்தார், அதன் வாதத்தை எடுத்துரைத்தார், மறுத்தார். அவர் முடிக்காது விட்டுச்சென்ற அக்கட்டுரை 1987ஆம் ஆண்டில் அவர் நூல் தொகுதியில் வெளிவந்தது. நீக்கப்பட்ட கொள்கையை எவரும் மறுத்தல் இயலாது. அது பாடத்தில் இல்லாமற்போகும், ஊரில் இருந்துகொண்டிருக்கும். ஆயின் நடுநிலை என்பது பாதி உண்மையைக் கூறுதலன்று. ஒரு கொள்கை எவர் தலைமேல் விழுந்தது, அவர் அதனை எங்ஙனம் மறுத்தனர் என்பதும் அக்கொள்கையின் வரலாற்றில் ஒரு பகுதியே. வாதத்தைச் சொல்லி, அதனால் வருந்தினோரின் மறுவாதத்தைச் சொல்லாது விடுதல் நடுநிலையாகாது. அதே வேளையில், வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளையைச் சுட்டி, "உன் அனுபவத்தைக் கூறு" என்று எழுப்பி நிறுத்துதலும் அறமன்று. அப்பிள்ளை மாணவனாய் வந்தான்; சாட்சிக் கூண்டில் ஏற வந்தானல்லன்.

இனி நாம் தொடக்கத்தில் வைத்த வினாவுக்கு வருவோம். முடிபைப் பதித்தல் கடமையா, விலகிக்கொள்ளுதல் கடமையா? கேசபுத்தத்தில் காலாமர் பகவனிடம் வந்து, பல போதகர் பலவாறு கூறுகின்றனர், எவர் சொல் மெய் என்று முறையிட்டனர். மரபு என்பதாலும், நூலில் உண்டு என்பதாலும், வெறுந்தருக்கத்தாலும், எம் குரு கூறினார் என்பதாலும் ஒன்றைக் கொள்ளற்க என்று அவர் அறிவுறுத்தியதை நாம் அடிக்கடி மேடையில் கூறுகின்றோம். அதற்குமேல் அவர் செய்ததைக் கூற மறக்கின்றோம். அவர்களை ஐயத்திலேயே விட்டுவிட்டு அவர் எழுந்து போகவில்லை. பேராசை மனிதனுக்கு நன்மை தருமா, தீமை தருமா என்று வினவினார். தீமை என்றனர் அவர்கள். பகைமையையும் மயக்கத்தையும் குறித்து அங்ஙனமே வினவினார். அவர்கள் வாயிலிருந்தே விடையை வருவித்தார். தம் முடிபை மறைத்தாருமல்லர், திணித்தாருமல்லர். தத்துவம் போதிப்போர்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுமா?

ஆகவே நாம் கொண்ட துணிபு இது. ஆசிரியர் தம் முடிபை மறைத்தல் பிழை; மாணவர் அவரை ஊமையென்றோ கோழையென்றோ எண்ணுவர். திணித்தல் அதனினும் பெரும்பிழை. கேட்கப்பட்டால் தம் முடிபைக் கூறட்டும். அதற்குரிய காரணங்களையும் கூறட்டும். அதற்கு எதிராய் நிற்கும் மிக வலிய தடையையும் தாமே எடுத்து மாணவர் கையில் கொடுக்கட்டும். பின்னர் மாணவர் அதனை ஏலாது போனால், அதனால் அவருக்கு மதிப்பெண்ணிலோ மரியாதையிலோ அன்பிலோ ஒரு குறையும் வாராதிருக்கட்டும். இந்நான்கும் அமைந்த இடமே அறிஞர் வாதம் நிகழும் இடம்.

கற்பவரின் வரிசை யாதெனில், அதனை மணிமேகலை காட்டுகின்றது. வஞ்சி மாநகரில் அவள் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பலரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டாள். அது 27ஆம் காதை. 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணத்தையும், நல்ல ஏது எது, போலி ஏது எது என்பதையும் கற்பித்தார். 30ஆம் காதையில் தம்மத்தைக் கேட்டு நோன்பு பூண்டாள். இடையில் உள்ள 28ஆம் காதையில் நிகழ்ந்தது யாது? பஞ்சத்தால் வாடிய காஞ்சிக்குச் சென்று அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளித்தாள். பிறர் கொள்கையைக் கேட்டல், பசித்தோர்க்கு இடுதல், தருக்கம் பயிலுதல், அதன் பின்னரே சரணம் புகுதல். நாம் அன்று அப்பெண்ணிடம் சீலம் முதலில், அறிவு பின்னர் என்றோம். சாத்தனார் இரண்டையும் ஒரே வழியில் கோத்துக் காட்டுகின்றார். ஒன்றைக் கூறி மற்றொன்றை அடக்கினாரல்லர்.

முடிவாக, அப்பெண்ணின் வினாவுக்கு நாம் அளித்த விடையையும் கூறிவிடுதல் முறை. அவள் மறுபடியும் மண்டபத்துக்கு வந்தாள். சபை முன்னிலையில், அன்று நாம் தவறு செய்தோம் என்று முதலில் கூறினோம். பின்னர் மூன்று விடைகளை எடுத்துரைத்தோம். இரவின் முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றுமன்று, வேறுமன்று. ஒன்றைப் பற்றி ஒன்று தொடர்கின்றது என்னும் நாகசேனர் விடை ஒன்று. ஆன்மாவுக்கு மறுபிறப்பில்லை, உடலின் பூதப்பொருள்களே மீண்டும் சேர்ந்து பிறக்கின்றன என்று பாபாசாகேப் தம் நூலில் கொண்ட விடை ஒன்று. செய்த வினை செய்தவனோடு மட்டும் நில்லாது சமூகத்தில் தொடர்ந்து பயன் தருகின்றது என்று நம்மில் பலர் கொள்ளும் விடை ஒன்று. இவற்றுள் மூன்றாவதன் பக்கமே நாம் சாய்வதாயும், அதற்குச் சான்றாய்த் தம் பாட்டன்மார் உழைப்பால் தாம் இன்று கற்பதைப் பிள்ளைகள் நினைந்து பார்க்கலாம் என்றும் கூறினோம். அதற்கு எதிரான தடையையும் நாமே கூறினோம்: அங்ஙனமாயின், தீமை செய்து செல்வனாய் இறந்தவனுக்கு வினைப்பயன் யாது? இதற்கு நம்மிடம் முழு விடை இல்லை என்றும் ஒப்புக்கொண்டோம்.

அவள் எழுந்து, "நாகசேனர் விடையில் ஒரு சிக்கல் இருக்கிறது ஐயா" என்று தொடங்கினாள். அன்று சபை கலைய இரவு ஒன்பது மணியாயிற்று. அவள் தந்தை, தறியிரைச்சலில் பாதி செவிடான நம் தோழர், முன்வரிசையில் கையைச் செவியோடு சேர்த்துக் குவித்துக்கொண்டு மகள் பேசியதை முற்றும் கேட்டிருந்தார். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் உபந்நியாசத்துக்குப் பின் அரை மணி நேரம் வினாவுக்கென ஒதுக்கியிருக்கின்றோம். பிற ஊர்ச் சங்கத்தாரும் அங்ஙனம் செய்வார்களாயின், பல்கலைக்கழகத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் கேட்க ஓர் இடம் உண்டென்று அறிவர். அப்பழக்கத்தோடு வகுப்பறைக்குத் திரும்பிச் செல்வோர், அங்கும் அஞ்சாது கேட்பர்.

சகல உயிர்களும் நலமுற்று வாழ்க.

நமோ புத்தாய.